கீழிருந்து தட்டியவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டவன் நான்.

போர்ட் பிளேயர் பக்கம் ஒரு ராணுவ முகாமில், ஜவான்கள் சாப்பிடும் ஹாலுக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஜப்பான்காரன் காலத்தில், போரில் செத்தவர்களைப் புதைத்த இடத்தின் மேல்தான் அந்த முகாமே நிற்கிறது. ஊருக்கே தெரிந்த விஷயம், யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. என் கவலையெல்லாம் வெள்ளிக்கிழமைக் கப்பல். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று கப்பல் ஆபீசுக்கே தெரியாது, விமானமும் எனக்கு ஆகாது, காது அடைத்து உயிர் போய்விடும். திருச்சியில் என் ஒரே மகளுக்கு வளைகாப்பு. அம்மா இல்லாத பெண். “நீங்க வந்தாத்தான் மணையில உக்காருவேன்ப்பா” என்று போனில் சொல்லிவிட்டாள்.

வேலையை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்காமல் நான் நகர முடியாது. திங்கட்கிழமை வேலையைச் சரிபார்க்க ஜூனியர் இன்ஜினியர் ஜே.இ. வந்தார். திருச்சிக்காரர்தான், சின்ன வயது, சட்டம் பேசுவதில் பெரிய ஆள். மூங்கில் குச்சியால் ஒவ்வொரு டைலாகத் தட்டினார். அடியில் கலவை நிரம்பியிருந்தால் கெட்டிச் சத்தம் வரும், காலியாக இருந்தால் பானையைத் தட்டியது போலக் கேட்கும். முழு ஹாலும் கெட்டி, சன்னலோரம் வரிசையாக மூன்று டைல் மட்டும் பானை. ஆறடி நீளம், இரண்டடி அகலம்.

“இத எடுத்துட்டுத் திரும்ப ஒட்டுங்கண்ணே. அப்புறம் கையெழுத்து போடறேன்.”

ஒட்டினோம். செவ்வாய்க்கிழமை மதியம் அதே பானை. புதன்கிழமை நானே கடப்பாரை எடுத்துச் செம்மண் தெரியும் வரை தோண்டினேன். ஒரு பொந்து இல்லை, ஒரு எலும்பு இல்லை, ஒன்றுமே இல்லை. கான்கிரீட் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தபோது பெங்காலி மிஸ்திரி பிமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“அண்ணா, நீச்சே ஆத்மி ஹை. சோட் தோ.” கீழே ஆள் இருக்கிறார், விட்டுவிடு என்கிறான்.

“ஆத்மி இருந்தா என்னய்யா? அவரு வந்து என் மக வளைகாப்புல உக்காருவாரா?”

மூன்று டைலையும் நானே மேலே பதித்தேன். வியாழக்கிழமை காலையில் தட்டிப் பார்த்தேன், மூன்றும் கெட்டி. ஜே.இ. மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பிமல் சாப்பிடப் போனான். நான் போகவில்லை. எவன் வந்து குடைகிறான் பார்த்துவிடலாம் என்று வீம்புக்கு அந்த மூன்று டைல் மேலேயே மல்லாந்து படுத்துவிட்டேன். பட்டப்பகல், சன்னல் வழியாக வெயில், வெளியே லாரி ஓடும் சத்தம்.

என் தலைக்குக் கீழே ஒரு தட்டு கேட்டது.

பிரமை என்றுதான் நினைத்தேன். அடுத்தது கழுத்துக்குக் கீழே. அப்புறம் முதுகு. ஜே.இ. தட்டுவது போலவே, அவசரமில்லாமல், வரிசை தப்பாமல், ஆனால் தரைக்கு அடியிலிருந்து. நம்பினால் நம்புங்கள், நெஞ்சுக்கு நேரே வந்ததும் நின்றது. திரும்பத் தட்டியது. இன்னொரு முறையும் தட்டியது. பிறகு இடுப்பு, முழங்கால், குதிகால், ஒவ்வொரு தட்டு. அவ்வளவுதான். எனக்குக் கை கால் அசையவில்லை. பயமும் எரிச்சலும் சேர்ந்து வந்தால் அழுகை வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஜே.இ. வந்து தட்டினார். மூன்றும் கல் மாதிரி.

“சூப்பர்ணே! என்ன பண்ணீங்க?”

“படுத்திருந்தேன் சார்.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கப்பலைப் பிடித்துவிட்டேன். மகள் மணையில் உட்கார்ந்தாள், நானும் எதிரே உட்கார்ந்து கண் நிறையப் பார்த்தேன். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தரையில் சாய்ந்துவிட்டார்கள். “நீங்களும் படுங்கப்பா, தரை சில்லுனு இருக்கு” என்று தலையணையை நீட்டினாள். வேண்டாம் என்று நாற்காலியிலேயே இருந்துவிட்டேன். அவளிடம் என்னவென்று சொல்வது?

அந்த மூன்று டைலுக்கும் இதுவரை ஒரு புகாரும் வரவில்லை. டாக்டரும் என் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறார். ஆனால் எங்கள் தொழிலில் சந்தேகம் இருக்கிற இடத்தைத்தான் திரும்பத் திரும்பத் தட்டுவோம். அத்தனை பொறுமையாகத் தட்டிப் பார்த்த மனிதர், சத்தம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.