பத்தரைக்கு முன் ரிலீஸ்

அம்மாபேட்டை நர்மதாவுக்கு ஆபீசில் ‘சிவப்பு லைட்டு’ என்று பெயர். கோழித் தீவனம் கலக்கும் அளவுகளைக் கணக்கிடும் மென்பொருளை நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளுக்கு விற்கும் சிறிய கம்பெனி அது. புதுப் பதிப்பு வெளியே போகுமுன் தானாக ஓடிக் கணக்கைச் சரிபார்க்கும் டெஸ்டுகளை எழுதுவது அவள் வேலை. சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு.

ஆரம்பத்தில் அவள் எழுதியவற்றில் சில, நெட் மந்தமானாலே சிவப்பாகிவிடும். மறுபடி ஓட்டினால் பச்சை. அதனால் யாரும் காரணம் தேடுவதில்லை. பச்சை வரும்வரை ஓட்டுவதே ஆபீஸ் வழக்கமாயிற்று. அந்தக் கோளாறை அவள் சரிசெய்த பிறகும் வழக்கம் போகவில்லை, பெயரும் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, உப்பு அளவைப் பார்க்கும் டெஸ்ட் சிவப்பானது.

“பத்தரைக்கு ராகு காலம் சாமி. அதுக்குள்ள ரிலீஸ் பண்ணிப்போடோணும்” என்றார் முதலாளி தண்டாயுதபாணி. “சேந்தமங்கலத்துப் பண்ணைக்காரர் அங்கமுத்து, தீவனம் கலக்குற மிக்சருக்குப் பொட்டு வெச்சுக் காத்துட்டிருக்காரு.”

“உப்பு தப்பா வருதுங்க சார். இது நெட் பிரச்சனை இல்லைங்க. மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க.”

புரோகிராம் எழுதும் மதன் சிரித்தான். “உங்க டெஸ்டுக்கு பிரஷர் இருக்குதுங்க. ஒரு டீ குடிச்சுட்டு ஓட்டுங்க, எறங்கிரும்.”

ஓட்டினாள். பச்சை வந்தது.

“நான் சொல்லல?”

கணக்கு ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை சரியாகவும் வருவதுதான் அவளை அச்சுறுத்தியது. அதைச் சொல்ல வார்த்தை தேடுவதற்குள் முதலாளி கற்பூரம் ஏற்றிவிட்டார். மதன் பட்டனை அழுத்தினான்.

நர்மதா மத்தியானம் சாப்பிடப் போகாமல் தேடியதில் காரணம் கிடைத்தது. இரண்டு கலவைகளின் அளவுகளை ஒரே சமயத்தில் சேமித்தால், ஒன்றின் உப்பு மற்றதிலும் சேர்ந்துவிடுகிறது. திரையைப் பார்த்த மதன் இந்த முறை சிரிக்கவில்லை. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“நீயே கூப்புட்டுச் சொல்லு சாமி. பக்குவமா.”

அங்கமுத்து உற்சாகமாக போனை எடுத்தார்.

“அண்ணா, புதுத் தீவனத்தக் கோழிக்குப் போட்டுடாதீங்க.”

“அப்பவே போட்டாச்சுங்களே அம்மிணி. நல்ல நேரத்துல கலக்குனதாச்சே.” குரல் தயங்கியது. “ஏனுங்க, அதுல ஏதாச்சும் கோளாறுங்களா? ஒரு கோழியும் தண்ணிக் கொழாய உட்டு நகர மாட்டேங்குது. வெயிலுக்குன்னு நெனச்சு ஊட்டுக்கு வந்துட்டேன்.”

“உப்பு கூடிப்போச்சுங்கண்ணா. டாக்டரைக் கூப்பிடுங்க. தீவனத்த அள்ளிடுங்க.”

போனைக் கையில் பிடித்தபடியே அவர் ஓடுவதும், ஷெட்டின் கம்பிக் கதவு திறப்பதும் கேட்டன. நர்மதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கும் ஷெட்டில் இருக்க வேண்டிய இரைச்சல் இல்லை.

“அண்ணா?” என்றாள்.


அவர் யாரையோ பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டார்.