காலி மாத்திரை அட்டைகள்

முதுகலை நர்சிங் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஆய்வுக்காகத் தாராவிக்குப் போய்வந்த மாதங்களை நினைத்தால், முதலில் நினைவுக்கு வருவது களைப்புதான். துயரமோ இரக்கமோ இல்லை, வெறும் உடல் களைப்பு. திலக் நகரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி, அங்கிருந்து நடை. தோள்பையில் வினாத்தாள்கள், ஒப்புதல் படிவங்கள், பிரஷர் பார்க்கும் கருவி, அதற்கு மாற்று பேட்டரி, ஒரு நோட்டு. வாரத்தில் மூன்று நாள் வார்டு வேலை, மூன்று நாள் தாராவி. சேகரித்ததையெல்லாம் கணினியில் ஏற்றுவதற்கு ஞாயிற்றுக்கிழமை.

ஆய்வின் தலைப்பு நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், பிரஷர் உள்ள பெண்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதற்கும் அவர்களுடைய மனநிலைக்கும் வீட்டுச் சூழலுக்கும் என்ன தொடர்பு என்பது. வினாத்தாளில் முப்பத்திரண்டு கேள்விகள். தூக்கம் வருகிறதா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசுகிறீர்களா, உடம்பு முடியாதபோது வீட்டு வேலையை யார் செய்கிறார்கள், இப்படிப் போகும். பதினேழாவது கேள்வி: மாத்திரை சாப்பிட மறந்துவிடுகிறீர்களா?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் இல்லை என்பார்கள் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதனால் வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல், மாதம் ஒருமுறை போய் காலி மாத்திரை அட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டேன். என் ஆய்வு அட்டவணையில் எனக்கு நிறைவு தந்த ஒரே பத்தி அதுதான். மற்றதெல்லாம் அபிப்பிராயம், இது எண்ணிக்கை என்று நினைத்துக்கொண்டேன். அங்கே தவாகானா என்று சொல்லும் இலவச மருந்தகத்தின் டாக்டர் அந்தப் பட்டியலின் ஒரு பிரதி தரமுடியுமா என்று கேட்டார். வாசலில் எப்போதும் நாற்பது பேர் நிற்கும் இடத்தில் அவரால் அட்டை எண்ண முடியாது. பெண்களிடம் தனியாகச் சம்மதம் வாங்கிக்கொண்டு கொடுத்துவந்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாளே, காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்வேன். எதற்கு என்று கேட்டால் ஆராய்ச்சி முறையை விளக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. "எண்ணிக்கை கொறஞ்சா எங்க மேடம் என்னைத் திட்டுவாங்க" என்று சொல்லிவிடுவேன். சிரிப்பார்கள், வேலை நடந்துவிடும். மேடம் என்றது என் ஆய்வு வழிகாட்டியை. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை.

நான் சொல்லவரும் பெண்மணிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். வீடு ஒரே அறை. அதற்கு மேல் இரும்பு ஏணி வைத்த பலகைத் தளம். மேலே அவருடைய கணவரும் மூன்று ஆட்களும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பள்ளிக்கூடப் பைகள் தைப்பார்கள். கீழே அடுப்பு. அதை ஒட்டி, முழங்கால் உயரச் சுவர் வைத்த மோரி. பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் அங்கேதான். ஏணி இறங்குவது மோரிக்கு நேர் எதிரில்.

நான் போனதும் அடுத்த வீட்டுப் பெண் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். பாதிக் கேள்விகளுக்குப் பதில் அவரிடமிருந்துதான் வரும். நான் செம்பூரில் வளர்ந்தவள், எங்கள் வீடு பாலக்காட்டு வீடு. நான் பேசும் தமிழ் அவருக்கு ஒரு வேடிக்கை.

"ஏட்டி, இந்தப் பிள்ள பேசுததக் கேளு. டிவியில நியூஸ் வாசிக்கவ மாதிரியே இருக்கு" என்பார்.

"வாசிக்கட்டும். நமக்கு நல்ல நியூஸா வாசிச்சாச் சரி" என்பார் அக்கா.

மனசு கஷ்டமாக இருந்தால் யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்டபோதும் அடுத்த வீட்டுப் பெண்ணே, தன்னிடம்தான், வேறு யார் இருக்கிறார்கள் என்று சொன்னார். அக்கா தலையாட்டினார். நான் 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அந்த நேரத்தில் மேலே தையல் மிஷின்களின் சத்தம் நின்றிருந்தது. ஏன் நின்றது என்று நான் யோசிக்கவில்லை. பதினேழாவது கேள்விக்கு, "மறக்கவே மாட்டேன்" என்றார் அக்கா. அது உண்மைதான். அதைவிட உண்மையான பதில் என் வினாத்தாள்களில் வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது தடவை போனபோது அட்டைகள் அத்தனையும் காலி, பிரஷர் மட்டும் முன்பைவிட அதிகம். பட்டியலைப் பார்த்த டாக்டர், மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை என்று, அவருக்குத் தந்திருந்த இரண்டு மாத்திரைகளின் அளவையும் இரட்டிப்பாக்கினார். மூன்றாவது தடவையும் அட்டைகள் காலி, பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து பரிசோதனை செய்துகொள்ளக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இப்படியே விட்டால் தலையில் நரம்பு வெடித்துக் கை கால் விழுந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதற்கு மறுவாரம் தவாகானாவின் பக்கவாட்டுப் படியில் அக்கா எனக்காகக் காத்திருந்தார். கையில் காய்கறிப் பை. உள்ளிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து என் மடியில் வைத்தார். உள்ளே வெள்ளையும் ரோஸுமாக மாத்திரைகள், முக்கால் டப்பா.

"மொதல்ல ஏசாதீங்க" என்றார்.

"இது என்னக்கா?"

"எல்லாம் இருக்கு. ஒண்ணுகூடத் தூரப் போடல. மருந்தப் போயி குப்பையில போட மனசு வருமா?"

"அட்டையெல்லாம் காலியா இருந்ததே?"

"நீங்க வார அன்னைக்கிக் காலைல உக்காந்து பிதுக்குவேன். கொறஞ்சா ஒங்க மேடம் ஏசுவாங்கன்னு சொன்னீங்கல்லா. பாவம், வெயில்ல நடந்து வாரீங்க. என்னால ஒரு ஏச்சு வேற வாங்கணுமான்னு நெனச்சேன்."

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். படியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. ஒருமுறை போய்வந்தால் மறுபடியும். வீட்டு மோரியில் ஒதுங்க முடியாது, ஏணியில் யாராவது இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பொதுக் கழிப்பறை சந்தின் கோடியில். அதன் வாசலிலேயே கேரம் பலகை போட்டு ஏழெட்டு ஆண்கள் காலையிலிருந்து இருப்பார்கள்.

"ஒருநா ஒருத்தன் சொல்லுதான், அக்காவுக்கு இன்னைக்கி இது மூணாவது ட்ரிப்பு, பாஸ் எடுத்துக் குடுத்திரலாம்லேன்னு. எல்லாவனும் சிரிச்சானுவ. எம் மவன் வயசு அவனுக்கு. அன்னைக்கி நிறுத்துனதுதான்."

இரண்டில் எந்த மாத்திரையால் அப்படி ஆகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டையும் நிறுத்திவிட்டார். தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருந்தார். அவர் அதைச் சொல்லும்போதுதான், காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் மாலை திரும்பும்வரை நானும் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்கு உறைத்தது. அதே காரணம்தான். என் முப்பத்திரண்டு கேள்விகளில் கழிப்பறை பற்றி ஒன்றுகூட இல்லை.

டாக்டரிடம் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினார். சொன்னால் இலவச மருந்து வாங்கும் கார்டை ரத்து செய்துவிடுவார்கள் என்று பயந்தார். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் இத்தனை நாள் ஏமாற்றினாயா என்று கேட்பார். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கிழித்துவிடச் சொன்னார். கடைசியில், நான் சமாதானமாவேன் என்று நினைத்து, "நாளையிலேருந்து கண்டிப்பாப் போட்டுருதேன். டாக்டர் சொன்ன மாதிரி ரெண்டு ரெண்டாப் போட்டுருதேன்" என்றார்.

இவ்வளவு நேரம் இல்லாத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. அந்த அளவு, மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்காத ஒரு பெண்ணுக்கு எழுதியது. அப்படி ஒரு பெண் என் பட்டியலில் மட்டுமே இருந்தாள். இவர் மாதக்கணக்கில் எதுவும் சாப்பிடாதவர். அரைகுறைத் தண்ணீரோடு இருக்கும் உடம்பில் திடீரென்று இரட்டிப்பு மருந்து போனால் பிரஷர் சரிந்து, அடுப்புக்கும் மோரிக்கும் நடுவில் எங்காவது மயங்கி விழுவார்.

அவர் சம்மதமில்லாமல் இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். சொல்லாமல் எழுந்து போகவும் முடியாது. இரண்டையும் அவரிடமே சொன்னேன். மருந்தைத் தொடவேண்டாம், முதலில் உள்ளே போவோம், நீங்களே சொல்லுங்கள் என்றேன். "ஏசினா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்."

அவர் டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அன்று போகவேண்டிய மற்ற வீடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவராகவே எழுந்தார்.

டாக்டர் மராத்திக்காரர். அக்காவின் பம்பாய் ஹிந்தி என்னுடையதைவிடச் சரளம். கேரம் பலகைவரை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ஏசவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார், நீ எண்ணினாய் அல்லவா என்று. அட்டைகளைத்தான் எண்ணினேன் என்றேன். கூட்டிய அளவையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் ரத்து செய்தார். சிறுநீரை அதிகமாக்கும் அந்த நீர் மாத்திரைக்குப் பதில் வேறொன்று தரலாம், ஆனால் அது இருப்பில் இல்லை. அது வரும்வரை ஒரு மாத்திரை காலையில், நீர் மாத்திரை எந்த நேரத்தில் தோது என்று அக்காவைக் கேட்டார். கேரம் கூட்டம் ஒன்றரைக்குச் சாப்பிடப் போனால் நாலுக்குத்தான் திரும்பும், மேலே தைப்பவர்களும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள் என்றார் அக்கா. சீட்டில் ஒரு மணி என்று எழுதப்பட்டது. ஒரு மருந்துச் சீட்டு அப்படி எழுதப்பட்டதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

மேடத்திடம் மறுநாள் சொன்னேன். அவரும் திட்டவில்லை. மாத்திரை எண்ணிக்கைப் பத்தியை நீக்கிவிட்டு, அதன் காரணத்தையும் குறிப்பிட்டு, மிச்சத்தை வைத்து முடிக்கலாம், இல்லையென்றால் மறுபடி போகலாம் என்றார். இரண்டுமே ஒப்புக்கொள்ளத்தக்கவை, இரண்டாவதுக்கு ஒரு பருவம் கூடுதலாகும். நான் மறுபடி போவதாகச் சொன்னேன். அதைத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். வீடுவீடாக நான் குறியிட்ட 'எப்போதும்'களை எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் பின்னால் யார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள், எந்தச் சத்தம் நின்றிருந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் அம்மா, இன்னும் எத்தனை நாள் இப்படி என்று கேட்டாள். இட்லியைப் பிட்டுக்கொண்டே ஆறு மாதம் என்றேன்.

இரண்டாம் சுற்றில் வீடுகளுக்குப் போகவில்லை. தவாகானாவில் மருந்து வைக்கும் சிறிய அறையில் இரண்டு ஸ்டூல்கள் போட்டு, ஒவ்வொருவராக வரச்சொன்னேன். அட்டை கேட்கவில்லை. மேடம் திட்டுவார் என்று சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுவதில் என்ன சிரமம் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். சிலர் ஒரு சிரமமும் இல்லை என்றார்கள். சிலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் அடுத்த வீட்டுப் பெண்ணும் என் ஆய்வில் இருந்தவர்; சாப்பிடாத மாத்திரைகளைத் தலையணை உறைக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். இந்த விஷயம் அக்காவுக்குத் தெரியுமா என்றதற்கு, "அவகிட்ட எதுக்குச் சொல்லணும்" என்றார்.

அக்காவின் பிரஷர் மெதுவாக இறங்கியது, முழுவதும் இல்லை. மாற்று மாத்திரை வரவே இல்லை. பிறகு மழைக்காலம் பிறந்தது. ஒருநாள் மாலை குர்லாவில் ரயில் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னணியில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சிஸ்டரு, நேத்தும் மாத்திர போடல, இன்னைக்கும் போடல. ரிப்பேருன்னு கக்கூசப் பூட்டிட்டானுவ. மெயின் ரோட்டத் தாண்டித்தான் போணும். எப்பத் தொறப்பானுவன்னு தெரியல. எழுதிக்கிடுங்க."

நோட்டை எடுத்து, ஒரு தூணில் சாய்ந்துகொண்டு எழுதினேன். இரண்டு தேதிகள், இரண்டு பூஜ்யங்கள், காரணம். பிறகு டாக்டரை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. என் ரயில் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் மறுபடி அழைத்தேன்.