தேங்காய்ப்பால் சோறு

எண்பதுகளில் லண்டனில் நான் வேலைசெய்த ஆஸ்பத்திரிக் கன்டீனில் சமைத்த அந்த அம்மாவின் நெற்றியில் விபூதி இருக்கும். வாயில் ஒரு சொல் தமிழ் இராது. பல நூறு வருஷங்களுக்கு முன் மலேசியாவின் மலாக்காவில் குடியேறி மலாய்ப் பெண்களை மணந்த தமிழ் வியாபாரிகளின் வழிவந்தவர் அவர். பொங்கலுக்கு முதல்நாள் இறந்தவர்களுக்கு வாழையிலையில் படைத்துவிட்டு, தேங்காய்ப்பால் சோறும் இறால் சம்பலும் எனக்கும் கொண்டுவருவார்.

"தமிழை எப்போது விட்டீர்கள்?" என்று ஒருமுறை ஆங்கிலத்தில் கேட்டேன்.

வீங்கிய காலை நீவியபடி சொன்னார்: "யார் விட்டது? பிள்ளை எந்தப் பாஷையில் சோறு கேட்டதோ, அந்தப் பாஷையில் போட்டோம்."

அன்று டபுள் ஷிப்ட் முடித்துத் தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு வந்தேன். மகள் ஆங்கிலத்தில் சோறு கேட்டாள்.

"தமிழில கேட்கச் சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி.

"களைச்சுப்போய் வந்திருக்கிறன், விடும்," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டேன்.