வாய் மூடிய படங்கள்

தூக்கத்தில் நறநறவென்று கடித்தே என் பற்கள் பாதி தேய்ந்துபோயின, மீதி உடைந்தன. எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட குளுவாங் டவுனில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். பிள்ளைகளே, புதுப் பல்லோடு வந்தால் நீங்கள் என்னை யாரோ மாதிரிப் பார்ப்பீர்களோ என்ற பயம் என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

"பல்லு தெரியற பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க அங்கள், அதே மாதிரி செஞ்சிடலாம்," என்றார் பல் டாக்டர்.

வீட்டிலிருந்த ஆல்பங்களைப் புரட்டினேன். எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் கேமராவுக்கு முன்னால் பல்லைக் காட்டினால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முதல் எல்லோரும் அடக்கமில்லாதவன் என்பார்கள். கல்யாணப் படத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன்.

அடுத்த முறை மூத்தவளே, நீதான் என்னையும் அம்மாவையும் காரில் கூட்டி வந்தாய். படம் இல்லை என்றதும் அம்மா, "போட்டோவுல சிரிச்சா மண்டோர் வேலைய விட்டுத் தூக்கிருவாருன்னு பயம் டாக்டர் இவருக்கு," என்றாள். நீ வாய்விட்டுச் சிரித்தாய். டாக்டர் உன் வாயையே பார்த்தார்.

"அப்படியே இவரு பல்லுதான்," என்றாள் அம்மா. "முன்பல்லு நடுவுல அந்தச் சந்துகூட."

உன் பல்லை அச்செடுத்தார்கள். அதைப் பார்த்துச் செய்த தற்காலிகப் பற்களை மாட்டிய அன்று, கண்ணாடியை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன்.

"அலமாக்! என் சிரிப்ப எடுத்து ஒட்டிக்கிட்டீங்களாப்பா?" என்று வியந்தாய்.

யாரோ மாதிரி இல்லை, அது போதும். ஆனாலும் வீடு திரும்பும் வழியில் கார் யோங் பெங் ஊரைத் தாண்டும்வரை என் நாக்கு, திரும்பி வந்த அந்த முன்பல் இடைவெளியையே தேடித் தேடிப் போய்க்கொண்டிருந்தது.