மீற்றருக்கு அந்தப் பக்கம்

நான் இருக்கிற இடத்தை எங்கள் கடையில் எல்லாரும் ‘சில்லு வீடு’ என்றுதான் சொல்வார்கள். சில்லு, சக்கரம், இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காற்றுப் போய், கல்லில் ஏற்றி வைத்து, அது உருண்டு எத்தனையோ வருசம். “அண்ணை, இண்டைக்கு வீட்டை எங்கை பார்க் பண்ணிப்போட்டு வந்தனீங்கள்?” என்று கல்லாவில் நிற்கிற தங்கச்சி காலையில் கேட்பாள். நானும் சிரிப்பேன். பாரிசில் ரூ காய்த் தெருவில் மரக்கறிப் பெட்டி இறக்கி அடுக்குகிறவனுக்கு, தனக்கென்று ஒருவர் சொல்லுகிற பகிடி ஒன்று நாளாந்தம் கிடைப்பது சின்ன விசயமில்லை.

மனிசியும் நானும் பிரிந்தபோது ஓல்னே வீட்டை அவவுக்கும் மகளுக்கும் விட்டுவிட்டு வந்தேன். பாரிசின் புறநகர் எபினேயையும் தாண்டி, றெயில், பிறகு பஸ், பிறகு ஒரு நீளமான நடை. அங்கே ஒரு கம்பிவேலிக்குள் வரிசையாக இப்படி நாற்பது வீடுகள். வீடு என்னுடையது, அது நிற்கிற நிலம் வாடகை. எட்டுப் பக்க ஒப்பந்தத்தில் “எங்கை சைன் வைக்கிறது?” என்று மட்டும்தான் அன்றைக்குக் கேட்டேன்.

ஆறு வருசத்தில் மகள் அங்கே ஒரு இரவும் தங்கியதில்லை. இலையுதிர்கால விடுமுறைக்கு முன்னர் அவளாகவே போன் எடுத்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அதுதான் எங்கள் வழக்கம்; இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறேன். “பப்பா, இந்தமுறை ரெண்டு இரவு உன்னோடை நிக்கிறன்” என்றாள். நான் புதுப் படுக்கைவிரிப்பு ஒன்றும் தலையணை ஒன்றும் வாங்கினேன். தலையணையைப் பிளாஸ்ரிக் உறையோடேயே வைத்திருந்தேன், அவள் வந்து பிரிக்கட்டும் என்று.

அவள் வருவதற்குப் பத்து நாள் இருக்கையில் தண்ணி குறைந்தது. என் வீட்டுக்கு முன்னால் ஒரு குட்டைத் தூண், அதில் என் தண்ணி மீற்றர். அதன் அடியில் மண் சதசதவென்று இருந்தது. மூன்றாம் நாள் பைப்பைத் திறந்தால் இருமல்தான் வந்தது. வேலி வாசலில் இருக்கிற அலுவலகத்துக்குப் பக்கத்துப் பொதுப் பைப்பில் இரண்டு பிளாஸ்ரிக் கானில் தண்ணி பிடித்துச் சுமந்தேன். எனக்கு அது காணும். மகள் எதில் குளிப்பாள்?

கடையில் என்னோடு மரக்கறிப் பகுதியில் நிற்கிற அண்ணையிடம் சொன்னேன். அவர் வாய் திறந்தால் நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன், அப்படியான கதைகாரர். “உந்த வெள்ளைக்கார நிலக்காறரோடை சண்டை பிடிக்காதையும்” என்றார். “வெறுங்கையோடை போகாதையும். கடையிலை சூடாப் பொரிச்ச ஆறு றோல்ஸ் கொண்டுபோய்க் குடும். வாய்க்குள்ளை றோல்ஸ் இருக்கேக்கை ஆருக்கும் இல்லையெண்டு சொல்ல வராது.”

கொண்டுபோனேன். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பாளர் ஐம்பது வயதுப் பெண். மிளகாய் கூடவோ என்று கேட்டுவிட்டு ஒன்றை என் முன்னாலேயே கடித்தா, கண் கலங்க நல்லாயிருக்கு என்றா, பார்க்கிறேன் என்றா. இரண்டு நாள் கழித்து மரக்கறி றோல்ஸ். திரும்பவும் பார்க்கிறேன் என்றா. ஒருவரும் வரவில்லை. அவவில் பிழை சொல்ல மாட்டேன். எழுத்தில் இல்லாத வாய்ச்சொல்லை அவ நில முதலாளியிடம் எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவா? அந்த நாட்களில் நான் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. கடிதம் எழுதுவது எனக்கு வழக்குப் போடுவது மாதிரி. என் கையால் சாப்பிட்ட பொம்பிளைக்கு எதிராக எப்படி எழுதுவது?

புதன்கிழமை எனக்கு லீவு. மண்ணைத் தோண்டினேன். மீற்றருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்கு வருகிற குழாய் நல்லாயிருந்தது. அந்தப் பக்கம், வெளியிலிருந்து வருகிற குழாயின் பொருத்து வெடித்திருந்தது. அண்ணைக்குப் போன் பண்ணினேன். “பழைய சைக்கிள் ரியூப் இருக்கே? இழுத்து இறுக்கிச் சுத்தும். ஊரிலை உப்பிடித்தானே எல்லாம் ஓடினது” என்றார். முகமெல்லாம் தண்ணி அடிக்க அடிக்கச் சுற்றினேன். உள்ளே ஓடிப்போய்ப் பைப்பைத் திறந்தேன். தண்ணி! தனியே நின்று கையைத் தட்டினேன் என்றால் நம்புவீர்களோ தெரியாது.

வெள்ளி காலை ரியூப் பிய்ந்து, பக்கத்து நிலம்வரை தண்ணி போய்விட்டது. பொறுப்பாளர் முதல் தடவையாக வந்தா. குழிக்குள் கிடந்த கறுப்பு ரப்பரைப் பார்த்தா.

“இது ஆர் செய்தது, முசியே?”

“நான்தான்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவ போனில் படம் எடுத்தா. “மீற்றர் வரைக்கும் குழாய் எங்களுடையது. ஆனால் நீங்கள் கை வைத்துவிட்டீர்கள். இனி முதலாளி இது உங்கள் வேலை என்பார்.” கோபமில்லை, கவலையாகத்தான் சொன்னா. என் நிலத்துக்கு வருகிற தண்ணியைப் பூட்டிவிட்டுப் போனா.

மகளுக்குச் சொல்லாமல் முடியுமா?

“கடிதம் அனுப்பினாயா, பப்பா?”

“இல்லை. றோல்ஸ் குடுத்தனான்.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “தண்ணி இல்லாத இடத்திலை நான் எப்பிடி நிக்கிறது?”

ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். புது விரிப்பின் மேல் எட்டுப் பக்கத்தையும் பரப்பி எடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் அவள் எழுதிய கடிதம் என் போனுக்கு வந்தது. எந்தப் பிரிவு, எந்தப் பக்கம், பொருத்து ஏற்கெனவே வெடித்திருந்தது, நான் எந்தெந்த நாள் நேரில் போய்ச் சொன்னேன், எல்லாம் இருந்தது. எங்கள் கடைக்குப் பக்கத்தில், லா சப்பலில், ஒரு போன் கடையில் அச்செடுத்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற பதிவுத்தபாலில் போடத் தபாலக வரிசையில் நின்றேன். அப்போதுதான் ஆறுதலாக வாசித்தேன். கடைசிப் பந்தியில் ஒரு வசனம்: ‘என் மகள் என்னோடு தங்க வருகிறாள். அவளை நான் நல்லபடி வரவேற்க விரும்புகிறேன்.’

என் பெயரில், என் வாயால், அவள் எழுதியது. அவசரம் என்று காட்டத்தான் எழுதினாளோ, வேறு ஏதுமோ. எனக்குப் பின்னால் நின்றவரை முன்னால் விட்டுவிட்டு இன்னொருதரம் வாசித்தேன். பிறகு கையெழுத்து வைத்தேன்.

கடிதத்துக்கு மரியாதை இருந்தது. போட்ட மூன்றாம் வாரம் குழாய் திருத்துகிறவர் வந்தார், என் ரப்பரை வெட்டி எறிந்தார், புதுப் பொருத்துப் போட்டார். பொறுப்பாளர் பக்கத்தில் நின்று, “இண்டைக்கு றோல்ஸ் இல்லையோ?” என்றா. மகள் வராமலே விடுமுறை எப்போதோ முடிந்துவிட்டது.

மகள் ஒரு ஞாயிறு பின்னேரம் வந்தாள். பைப்பைத் திறந்து விரலை நீட்டிப் பார்த்து, “நல்ல வேகமா வருது, பப்பா” என்றாள். தேத்தண்ணி குடித்தாள். விரிப்பைக் கையால் ஒருக்கால் தடவினாள். நான் தடுக்கத் தடுக்கத் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஐந்து மணி பஸ்ஸுக்கு வேலிவரை கூடப் போனேன்.

திரும்பி வந்து மீற்றரைப் பார்த்தேன். கடைசி இலக்கம் அவள் கழுவின தண்ணிக்குக் கொஞ்சம் நகர்ந்து நின்றது. தலையணையின் பிளாஸ்ரிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.