கோழிக் கொட்டகை ரேடியோ

காலை ஐந்து நாற்பது. அக்கா வீட்டு வாசலில் முதலில் கண்ணில் பட்டவை செருப்புகள். படியிலிருந்து வேப்பமரம் வரை கிடந்தன. உள்ளே பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாமக்கல் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்தில் விடியும் நேரத்தில் இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அது சாவு வீடு என்றுதான் அர்த்தம்.

அக்காவின் கணவரான மாமா வெளியே வந்தார். "வாங்க மாப்ள. உங்கக்கா முழிச்சுட்டுத்தான் இருக்கறா."

எனக்கு மூச்சு திரும்பியது. செருப்புகள், அக்காவைப் பார்க்க வந்து தங்கிவிட்ட சொந்தக்காரர்களுடையவை.

சேலத்தில் இதய அறுவை சிகிச்சை முடிந்து அக்கா வீடு திரும்பியிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது, எழுந்து நடக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். அக்காவோ எழவில்லை. கஞ்சிகூட இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இப்படியே போனால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று மாமா போனில் சொன்னதால் கிளம்பி வந்தேன். அக்காவின் மனதுக்கு இதமாக இருக்கட்டும் என்று மாமாதான் நாள் முழுக்கப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏஞ்சாமி, டாக்டரு உங்கிட்டயாச்சும் நெசத்தச் சொன்னாரா?"

"நல்லாயிருச்சுன்னுதானக்கா சொன்னாரு."

"அப்புறம் எதுக்கு எனக்குப் பொழுதனைக்கும் எழவூட்டுப் பாட்டு போடறாங்க?"

மாமா திடுக்கிட்டார். "அது சாமி பாட்டு புள்ள!"

"தெரியுதுங்க. நம்மூர்ல சாமி பாட்ட நிறுத்தாமப் போடறது எந்த ஊட்டுலன்னு சொல்லுங்க பாக்கலாம்."

நான் எட்டி ரேடியோவை நிறுத்தினேன். அப்போதுதான் அக்கா திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தார். கம்பியால் கைப்பிடி கட்டிய, தீவனத் தூசி படிந்த பெட்டி. அவர்களுடைய முட்டைக்கோழிக் கொட்டகையில் தொங்குவது. லாரி ஹாரனுக்கும் பட்டாசுக்கும் கோழிகள் மிரளாமல் இருக்க அதில் எப்போதும் சினிமாப் பாட்டு ஓடும். அக்கா தீவனம் வைப்பதும் முட்டை எடுப்பதும் அந்தப் பாட்டுகளோடுதான்.

"கொட்டாய் ரேடியோவுங்களா இது?"

"பென்டிரைவ் போட இதுதான் இருந்துச்சு."

"அப்ப கோழிக்கு?"

மாமா தலையைச் சொறிந்தார். "முட்டை கொஞ்சம் கம்மிதான்."

"பொழைச்சு வந்தவளுக்கு எழவுப் பாட்டு, கோழிக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்குதுங்க உங்க வைத்தியம்!"

சொல்லிக்கொண்டே கால்களைத் தரையில் ஊன்றினார். என் தோளைப் பிடித்தபடி கொட்டகை வரை நடந்தார். மாமா ரேடியோவோடு முன்னால் போனார். பழைய ஆணியில் மாட்டி, பென்டிரைவைக் கழற்றிவிட்டு எஃப்.எம். திருகியதும் ஏதோ ஒரு காதல் பாட்டு பாதியிலிருந்து வந்தது. கூண்டுகளில் படபடப்பு மெல்லத் தணிந்தது. அக்கா தூணில் சாய்ந்து நின்றார். பாட்டின் அடுத்த வரிக்கு அவர் உதடுகள் முன்கூட்டியே அசைந்தன. மாமா எங்களைப் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எட்டரை மணிக்கு அக்கா அவித்த முட்டை ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.