அண்ணன் வீட்டுப் படி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர் யாரோ, பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்க்க மறந்துவிட்டார்.

மண்ணூரில் எங்களுக்கு இருந்தது கீழ்த்தளம் மட்டும். அதை அறைகளாகத் தடுத்து, கம்பெனி வேலைக்கு வரும் தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மேலே ஒரு தளம் எழுப்பி நாங்கள் குடியேறுவதாகத் திட்டம். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆளில்லை. அடுத்த வீட்டு அண்ணன்தான் வலிய வந்தார். நிலத்தை விற்றுவிட்டு வீட்டோடு இருப்பவர். கான்ட்ராக்ட் எடுக்கும் மேஸ்திரியை அவரே பிடித்துத் தந்தார். எங்கள் போர் வற்றியதும் தன் போரிலிருந்து ஓஸ் போட்டுக் கொடுத்தார். வெயிலில் நின்று தளத்துக்குத் தண்ணீர் விட்டார். இப்படி ஒரு மனிதர் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று கம்பெனி லைனில் பக்கத்தில் நின்றவளிடமெல்லாம் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மேஸ்திரி முன்பக்கத்தில் படிக்கட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த அன்று அண்ணன் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னாத்துக்கு மேஸ்திரி, ஒரு ரூம் எடம் வீணாப் பூடுதே? நம்ம வூட்டுப் படி சும்மாதான கீது. ரெண்டு மாடிக்கும் நடுவுல ஒரு முழம். ஒரு சிலாப் போட்டு வுடு, பாப்பா நம்ம படியிலயே ஏறிப் போவட்டும்."

மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். "சூப்பரா சொன்னீங்கண்ணா! போட்டுடலாம்."

எந்த ஊர் மேஸ்திரி படி கட்டும் வேலை மிச்சம் என்றால் வேண்டாம் என்பான்? என் வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு ஒரு அறை கூடுகிறதே என்று சந்தோஷம். எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ இடித்தது. ஆனால் ஓஸைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பவரிடம் என்னவென்று சொல்வது? தலையாட்டிவிட்டேன்.

குடிபோன பிறகுதான் புரிந்தது. அந்தப் படி அவருடைய கேட்டுக்குள், அவருடைய ஹாலை ஒட்டிப் போகிறது. நான் போனால் வந்தால் அவர் மனைவி தலையை நீட்டுவார். "இன்னிக்கு ஓவர்டைமா? பையில இன்னா, மீனா?" கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, அதுதான் கொடுமை. என் அம்மா வந்தால் அவர்கள் ஹாலில் காபி குடித்து, என்னைப் பற்றிய நல்லது கெட்டதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் என்னிடம் வந்து சேருவாள். புருஷனோடு சண்டை போட்டுக் கோபத்தில் விடுவிடுவென்று கீழே இறங்கினால், பாதிப் படியில் அண்ணன் நின்று சமாதானம் பேசுவார். கோபித்துக்கொண்டு போகக்கூட எனக்கு வழியில்லை. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஆடிக் கிருத்திகையன்று விடியலில் அவர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து வல்லக்கோட்டைக்குப் போனார்கள். பழக்க தோஷம், கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் நைட் ஷிப்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நான் யூனிபார்மும் ஷூவுமாகப் படியிறங்கி வந்தால் எதிரே பெரிய பூட்டு. அண்ணனுக்குப் போன் போட்டேன். கோயில் கூட்டத்தில் யார் எடுப்பார்கள்? மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது மறுபடி மாடிக்கே ஏறி நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழ் அறைப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்துப் பதறினான். "யக்கா, குதிச்சிராதிய! நான் யாரையாது கூட்டிட்டு வாரேன்!"

அவன் ஓடிப்போய், அடுத்த தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் மேஸ்திரியையே மூங்கில் ஏணியோடு கூட்டிவந்தான். தெருவே வேடிக்கை பார்க்க, சொந்த வீட்டிலிருந்து திருடியைப் போல இறங்கினேன். மானம் போனது. காலைத் தரையில் வைத்ததும் சொன்னேன்.

"மேஸ்திரி, முன்ரூமை இடிங்க. எனக்குத் தனியா ஒரு படி போடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "போட்டுடலாம்மா. அண்ணன் கோயில்லேர்ந்து வந்துடட்டும். ஒரு வார்த்தை கேட்டுக்கினு..."

"என் வூட்டுக்கு நான் படி போட அவரை எதுக்குக் கேக்கணும்?"

"கோச்சிக்காதம்மா. தண்ணி அவுரு போர்லேர்ந்துதான வரணும்? இந்தத் தெருவுல எனக்கு வேலை வர்றதும் அவுரு சொல்லித்தான். அவுரு மனசு கஷ்டப்பட்டா நல்லாவா இருக்கும்?"

சரி, நானே கேட்கிறேன் என்று அண்ணன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குன்னு ஒரு படி வேணும். அவ்வளவுதான். இதைச் சொல்ல என்ன பயம்?

வேன் வந்தது. புது மொட்டையில் சந்தனத்தோடு இறங்கிய அண்ணன் என்னைப் பார்த்ததும் நடந்ததைப் புரிந்துகொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அய்யோ முருகா! பாப்பா, மறந்தே பூட்டனே! பஸ்ஸு பூடுச்சா?"

அவர் கண் கலங்கிவிட்டது, நடிப்பில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் விறுவிறுவென்று உள்ளே போய், இன்னொரு சாவிக்கொத்தை எடுத்துவந்து, விபூதியோடு சேர்த்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"வெச்சுக்கோ. இது கேட்டு சாவி மட்டும் இல்ல, எங்க வூட்டு சாவியும் சேந்துதான். கூடப்பொறந்தவ மாதிரி நீ. இனிமே நீ எதுக்கும் எங்கிட்ட கேக்கவே வாணாம்."

அவர் மனைவி என் நெற்றியில் விபூதி இட்டுவிட்டார். ஏணியை எடுக்கத் திரும்பி வந்திருந்த மேஸ்திரி அதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் "சரிண்ணா" என்றேன். வேறென்ன சொல்ல? படியைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை.